தடம் விடக் கூடாதென்று செய்த கருவி

மாஸ்டரிங் செய்கிறவர்களின் கணினித் திரையில் ஒரு பலகை அடிக்கடி தென்படும். நீலச் சாம்பல் நிறம், கறுப்புக் குமிழ்கள், அவற்றைச் சுற்றி 0 முதல் 10 வரை எண்கள். 1950-களின் தொடக்கத்தில் நியூ ஜெர்சியில் யூஜின் ஷெங்க், ஆலி சம்மர்லண்ட் என்ற இருவர் ‘பல்ஸ் டெக்னிக்ஸ்’ என்ற சிறு நிறுவனத்தில் கையால் செய்து விற்ற பல்டெக் ஈக்வலைசரின் மென்பொருள் நகல் அது. அசல் கருவி இரும்பும் செம்பும் வால்வுகளுமாகக் கனக்கும். இன்று அதன் விலை பல லட்சம். நகல் சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கிறது. விற்பவர்களும் வாங்குபவர்களும் சொல்லும் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: பழைய வால்வுகளின் கதகதப்பு. இந்தக் காரணம் வரலாற்றோடு ஒத்துப்போகவில்லை என்பதே என் வாதம். அந்தக் கருவியைச் செய்தவர்கள் ஒலியில் தங்கள் தடம் எதுவும் பதியக் கூடாதென்றே பாடுபட்டார்கள். பழைய ஈக்வலைசர்களிடமிருந்து நாம் காப்பாற்றத் தக்கவை வேறு: அகலமான, மெதுவாகச் சரியும் வளைவுகள், விரல்விட்டு எண்ணக்கூடிய தேர்வுகள். அவை எந்த நெருக்கடிகளில் பிறந்தன என்று தெரிந்தால்தான் நகல் மென்பொருளில் எதை நம்பலாம், எதை விட்டுவிடலாம் என்பது தெளிவாகும்.

கதை தொலைபேசிக் கம்பியில் தொடங்குகிறது. நெடுந்தூரக் கம்பியில் போகும் குரல் வழியெல்லாம் தேய்கிறது. அதிலும் உயர்ந்த அதிர்வெண்கள் தாழ்ந்தவற்றைவிட அதிகமாகத் தேய்கின்றன. 1915-ல் நியூயார்க்கிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்குப் பேச முடிந்ததென்றால் அதற்கு வால்வு ஆம்ப்ளிஃபையர்கள் காரணம். ஆனால் ஆம்ப்ளிஃபையர் எல்லாவற்றையும் ஒரே அளவில் உயர்த்தும். கோணலாகத் தேய்ந்தது கோணலாகவே உரக்கக் கேட்கும். அந்தக் கோணலை நிமிர்த்த, தொலைபேசிப் பொறியாளர்கள் காயில், கெப்பாசிட்டர், ரெசிஸ்டர் ஆகியவற்றைக் கொண்டு சுற்றுகளை அமைத்தார்கள்; ஈக்வலைசர் என்பது அதுதான். ஓட்டோ ஸோபல் 1928-ல் வெளியிட்ட கட்டுரை இந்த வேலைக்கு உறுதியான கணிதத்தைக் கொடுத்தது. இத்தகைய சுற்றுக்கு மின்சாரம் வேண்டாம். அதனால் எதையும் கூட்டவும் முடியாது. தேயாமல் தப்பிய தாழ்ந்த அதிர்வெண்களைக் குறைத்து, தேய்ந்துபோன உயர் அதிர்வெண்களின் மட்டத்துக்குக் கொண்டுவரும். எல்லாம் ஒரே மட்டமானபின் ஆம்ப்ளிஃபையர் மொத்தத்தையும் தூக்கிவிடும். குறைத்துச் சமன் செய்து, பிறகு தூக்குவது என்ற இந்த வழிமுறைதான் பின்னாளில் பல்டெக்கின் உள்ளேயும் இருந்தது. 1926-ல் என்.பி.சி. தொடங்கி வானொலி நிலையங்களுக்கிடையே தொலைபேசிக் கம்பி வழியே இசை போகத் தொடங்கியதும், பேச்சுக்குப் போதுமென்றிருந்த நேர்த்தி இசைக்குப் போதவில்லை. ஆனாலும் ஈக்வலைசரின் கடமை மாறவில்லை. அனுப்பியது அனுப்பியபடி வந்து சேர வேண்டும்; ரசனைக்கு அதில் இடமே இல்லை.

அந்தக் கடமையின் உச்சத்தை 1933 ஏப்ரல் 27 அன்று பார்க்கலாம். ஃபிலடெல்ஃபியா இசைக்குழு தன் ஊரில் வாசித்தது. வாஷிங்டனின் கான்ஸ்டிடியூஷன் அரங்கில் கூடியிருந்தவர்கள் அதை ஒலிபெருக்கிகளில் கேட்டார்கள். பெல் ஆய்வகத்தின் ஹார்வி ஃபிளெட்சர் முன்னின்று நடத்திய அந்தச் சோதனையில், மூன்று தனித்தனிக் கம்பித் தடங்கள் 40 முதல் 15,000 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியைக் கொண்டுசேர்த்தன. அன்று குழுவின் தலைமை இசை நடத்துநர் லியோபோல்ட் ஸ்டோகோவ்ஸ்கி மேடையில் இல்லை. குழுவை நடத்தும் பொறுப்பை அலெக்ஸாண்டர் ஸ்மாலன்ஸிடம் விட்டுவிட்டு, அவர் வாஷிங்டனில் கட்டுப்பாட்டுக் குமிழ்களின் முன் உட்கார்ந்திருந்தார். கம்பிகள் அவ்வளவு துல்லியமாக நிமிர்ந்த அதே நாளில் குமிழ்கள் ஓர் இசைக்கலைஞரின் கைக்குப் போனது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. பிழை திருத்தியாகிவிட்டது என்ற உறுதி வந்தபின்தான் விருப்பத்துக்குத் திருப்புவதில் பொருள் இருக்கிறது. அதே ஆண்டு ஃபிளெட்சரும் மன்சனும் மனிதக் காதைப் பற்றிய புகழ்பெற்ற வளைவுகளை வெளியிட்டார்கள். ஒலி உரக்கும்போது அதன் அடித்தொனி காதுக்குக் கூடுதல் கனத்தோடு தெரிகிறது என்பது அவற்றில் ஒரு முக்கியமான செய்தி. வால்வின் கதகதப்பைப் பற்றிப் பேசும்போது இதற்குத் திரும்ப வேண்டியிருக்கும்.

பல்டெக் இந்த மரபின் நேர் வாரிசு. அதன் வடிகட்டும் பகுதி தொலைபேசிப் பொறியாளர்களின் சுற்றைப் போலவே மின்சாரம் இல்லாமல் இயங்கும். அதில் நுழையும் சிக்னல் சுமார் 16 டெசிபல் வலுவிழக்கிறது. பின்னால் உள்ள வால்வு ஆம்ப்ளிஃபையர் அந்த இழப்பைச் சரியாக ஈடுகட்டுகிறது. அதாவது குமிழ்கள் எல்லாம் சுழியத்தில் இருந்தால், கருவி நடுவே இருப்பதே தெரியக் கூடாது. ஆம்ப்ளிஃபையரைப் புஷ்-புல் முறையில் அமைத்ததும், வெளியீட்டு டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து எதிர்ப்பின்னூட்டம் எடுத்ததும் திரிபைக் குறைக்கத்தான். வானொலி நிலையங்களும் ஒலிப்பதிவுக் கூடங்களும் அதை வாங்கியது, எந்த இணைப்பில் செருகினாலும் மட்டம் மாறாது என்பதற்காக. தேர்வுகளைப் பாருங்கள். அடித்தொனிக்கு 20, 30, 60, 100 ஹெர்ட்ஸ் என்று நான்கே இடங்கள். மேலே உயர்த்த 3 முதல் 16 கிலோஹெர்ட்ஸ் வரை ஏழு இடங்கள். குறைக்க 5, 10, 20 என்று மூன்று. எவ்வளவு என்பதைச் சொல்லும் குமிழில் 0 முதல் 10 வரை எண்கள் மட்டும். அவை டெசிபல் அல்ல. படம் கிடையாது, கோடு கிடையாது. திருப்புகிறவர் கேட்டுத்தான் நிறுத்த வேண்டும். அடித்தொனியை உயர்த்தவும் குறைக்கவும் இரண்டு தனிக் குமிழ்கள் இருந்ததால் ஓர் எதிர்பாராத பயனும் விளைந்தது. இரண்டின் வளைவுகளும் ஒன்றையொன்று சரியாக அழிப்பதில்லை. இரண்டையும் ஒரே இடத்தில் சேர்த்துத் திருப்பினால் அடித்தொனி உயரும். அதற்குச் சற்று மேலே, ஒலி கலங்கித் தடிக்கும் பகுதி தாழும். கனமும் தெளிவும் ஒருசேரக் கிடைக்கும். இதைப் பொறியாளர்கள் கண்டுபிடித்தது காதால். வால்வு இதில் செய்தது ஒன்றுமில்லை. காயில், கெப்பாசிட்டர் கணக்கின் விளைவு அது.

அடுத்து மாஸ்டரிங் என்ற தொழிலுக்கு வருவோம். 1940-களின் இறுதியில் காந்த நாடா வந்து, பதிவு ஒரு வேலை, நாடாவிலிருந்து தட்டுக்கு மாற்றுவது வேறொரு வேலை என்று பிரிந்தபோது இந்தத் தொழில் பிறந்தது. மாஸ்டரிங் பொறியாளர் என்பவர் அடிப்படையில் லேக்கர் பூசிய தட்டில் ஊசியால் பள்ளம் வெட்டுகிறவர். அவர் கையைக் கட்டிய இயற்பியல் கடுமையானது. அடித்தொனி மிகுந்தால் பள்ளம் அகலமாக அலையும். பக்கத்துப் பள்ளத்தில் மோதும், அல்லது ஒரு பக்கத்தில் கொள்ளும் நிமிடங்கள் குறையும். அதனால் வெட்டும்போது அடித்தொனியைக் குறைத்து, பரப்பு இரைச்சலை வெல்ல உயர்ந்த ஒலிகளைக் கூட்டி, வீட்டுக் கருவியில் அதை அப்படியே தலைகீழாக்கிக் கேட்டார்கள். நிறுவனத்துக்கு ஒன்றாக இருந்த இந்த வளைவு 1954-ல் ஆர்.ஐ.ஏ.ஏ. என்ற பெயரில் ஒன்றானது. 1 கிலோஹெர்ட்ஸை அடிப்படையாகக் கொண்டால் இரு கோடிகளிலும் திருத்தம் ஏறத்தாழ 20 டெசிபல் வரை போகும். ஒவ்வொரு எல்.பி. தட்டும் ஒரு பிரம்மாண்டமான ஈக்வலைசரின் இரு பாதிகளுக்கு இடையே வாழ்ந்தது என்று சொன்னால் மிகையில்லை. நம் வீடுகளில் சுழன்ற எச்.எம்.வி., கொலம்பியா எல்.பி.க்களுக்கும் இது பொருந்தும். கொல்கத்தாவை அடுத்த டம்டம் ஆலையை நடத்திய கிராமபோன் கம்பெனி ஈ.எம்.ஐ. குடும்பத்தைச் சேர்ந்ததுதான். ஸ்டீரியோ வந்ததும் மற்றொரு சிக்கல் சேர்ந்தது. இரு தடங்களிலும் அடித்தொனி எதிரெதிராக அசைந்தால் பள்ளம் மேலும் கீழுமாகி, ஊசி தடம் புரளும். எனவே அடித்தொனியை நடுவுக்குக் கொண்டுவந்தார்கள். பாடகரின் ‘ஸ்’ ஒலி மிகையானால் வெட்டும் தலையின் காயில்கள் சூடேறும். தட்டின் உட்பகுதியில் ஊசியின் கீழே ஓடும் நீளம் குறைவதால் உயர்ந்த ஒலிகள் மங்கும்.

லண்டன் ஏபி ரோட்டில் ஈ.எம்.ஐ. பொறியாளர்கள் தாங்களே செய்துகொண்ட ஆர்.எஸ்.56 என்ற கருவி இந்த வெட்டும் அறைக்கானது. ‘வளைவை வளைப்பது’ என்று பொருள்படும் செல்லப்பெயர் அதற்கு. அங்கே அடித்தொனியின் மேல் இருந்த கட்டுப்பாடு எவ்வளவு இறுக்கம் என்பதற்கு 1966-ல் வந்த பீட்டில்ஸின் ‘பேப்பர்பேக் ரைட்டர்’ சாட்சி. அமெரிக்கத் தட்டுகளில் கேட்ட பாஸ் தங்களுக்கும் வேண்டும் என்று அவர்கள் கேட்க, பதிவின்போது ஒலிபெருக்கி ஒன்றையே மைக்காகப் பயன்படுத்திப் பார்த்தார்கள். வெட்டும் அறையிலும் ஊசி எகிறாதபடி காக்கும் புதிய கருவி தேவைப்பட்டது. பாஸை உயர்த்துவது ஒரு குமிழைத் திருப்பும் வேலையாக இருக்கவில்லை. இன்னொரு நெருக்கடி இதைவிட முக்கியமானது. வெட்டும் எந்திரத்துக்குப் பள்ளங்களை எவ்வளவு நெருக்கமாக வைக்கலாம் என்பது முன்கூட்டியே தெரிய வேண்டும். அதனால் நாடாவைச் சற்று முன்னதாகவே படிக்கும் தனித் தலை ஒன்று இருந்தது. அதன் வழியிலும் அதே திருத்தம் நடக்க வேண்டும். ஒரு பாட்டிலிருந்து அடுத்த பாட்டுக்குச் சில நொடி மௌனத்தில் திருத்தத்தை மாற்ற வேண்டும் என்பதால் இரண்டு தொகுதி ஈக்வலைசர்களை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டார்கள். தட்டு தேய்ந்து மறுபடி வெட்ட நேர்ந்தால், மாதங்கள் கழித்தும் அதே எண்கள் வேண்டும். இத்தனைக்கும் ஈடு கொடுக்கக்கூடியது படிப்படியாகச் சுழலும் சுவிட்சு மட்டுமே. பழைய மாஸ்டரிங் கருவிகளில் தேர்வுகள் குறைவாக இருந்ததற்குக் காரணம் செய்தவர்களின் கற்பனைக் குறைவு அல்ல. இடம், வலம், முன்னோட்டம், மறுவெட்டு எல்லாவற்றிலும் ஒன்றுபோல் வர வேண்டும் என்ற கண்டிப்புதான் அந்தக் குறைவை உண்டாக்கியது.

1972-ல் ஜார்ஜ் மாஸன்பர்க், பாராமெட்ரிக் ஈக்வலைசர் பற்றிய தன் ஆய்வுரையை ஒலிப் பொறியியல் சங்கத்தின் மாநாட்டில் வைத்தார். இடம், அளவு, அகலம் மூன்றையும் விருப்பப்படி மாற்றலாம் என்ற அந்தச் சுதந்திரம் ஒலிக்கலவைக்குப் பெரும் வரம். ஆனால் அவரோடு பணியாற்றிய பர்கஸ் மக்நீல் இதே வடிவமைப்பை ‘ஸான்டெக்’ என்ற பெயரில் மாஸ்டரிங் அறைக்குக் கொண்டுபோனபோது, அதில் மறுபடி படிச்சுவிட்சுகள் வந்து சேர்ந்தன. தொழிலுக்குச் சுதந்திரத்தைவிட மீள்தன்மை பெரிதாக இருந்தது. 1982-ல் சி.டி. வந்ததும் பள்ளத்தின் கெடுபிடி தளர்ந்தது. 1992-ல் இஸ்ரேலின் வேவ்ஸ் நிறுவனம் கியூ10 என்ற ஈக்வலைசர் மென்பொருளை (பிளக்-இன்) விற்றபோது பத்துப் பட்டைகள், ஒவ்வொன்றிலும் எந்த இடமும் எந்த அகலமும், இரைச்சலே இல்லை. எண்களைச் சேமித்துவிட்டால் எத்தனை ஆண்டு கழித்தும் அதே நிலை திரும்பும். சுவிட்சுக்கான பொறியியல் காரணம் அன்றே தீர்ந்துவிட்டது. அப்படியிருந்தும் பத்தே ஆண்டுகளில் நிறுவனங்கள் போட்டி போட்டுக்கொண்டு பழைய கருவிகளின் பலகையைத் திரையில் வரையத் தொடங்கின. யுனிவர்சல் ஆடியோ தனி கணிப்பு அட்டையில் பழைய வால்வுக் கருவிகளை இயக்கியது. பல்டெக்கின் நகல்கள் மட்டும் இன்று எண்ணிலடங்காதவை.

இந்த நகல்களுக்கு எதிராக வைக்கப்படும் வலுவான வாதம் ஒன்றுண்டு. பல்டெக்கின் எந்த வளைவையும் ஒரு சாதாரண டிஜிட்டல் ஈக்வலைசரில் இரண்டு மூன்று பட்டைகளைச் சேர்த்து வரைந்துவிடலாம். இரண்டும் ஒரே வகை வடிகட்டிகள். வளைவு ஒன்றானால் அவற்றின் கால நகர்வும் ஒன்றாகிவிடும். ஒன்றின் வெளியீட்டிலிருந்து மற்றதைக் கழித்தால் மிச்சம் கிட்டத்தட்ட எதுவும் இருக்காது. இது முழு உண்மை, மறுப்பதற்கில்லை. ஆனால் வரைய முடியும் என்பதும் வரையத் தோன்றும் என்பதும் ஒன்றல்ல. கையில் குறுகிய பட்டையும், கண்முன் ஆடும் அலைவரிசைப் படமும் இருந்தால், மனம் படத்தின் மேடுகளைத் தேடித் தட்டத் தொடங்கும். மாஸ்டரிங்கில் திருத்துவது முடிந்துபோன கலவையை. அங்கே 300 ஹெர்ட்ஸில் வெட்டினால் குரல், மத்தளம், கிதார், அரங்கின் எதிரொலி எல்லாம் சேர்ந்து வெட்டுப்படும். அகலமான வளைவு இந்த உறவுகளைக் கலைக்காமல் மொத்தத்தின் சாய்வை மட்டும் மாற்றுகிறது. கேட்பவர் மாற்றத்தைக் கருவியின் வேலையாக உணராமல் பாட்டின் நிறமாகவே உணர்கிறார். அரை டெசிபல், ஒரு டெசிபல் என்று வேலை நடக்கும் இடத்தில் இந்த வேறுபாடு பெரியது. பழைய கருவியின் வளைவும் படமில்லாத பலகையும் அந்த வழக்கத்துக்கே கையைப் பழக்குகின்றன. அதனால்தான் வரைபடத்தை மறைத்து, பழைய தேர்வுகளை மட்டும் தரும் நகலை நான் நேர்மையான நகல் என்பேன். பலகையை மட்டும் பழையதாக்கி, உள்ளே இருபது புதிய வசதிகளைத் திணித்தது வெறும் அலங்காரம்.

கதகதப்பு எங்கே போயிற்று என்று கேட்கலாம். டிரான்ஸ்ஃபார்மரும் வால்வும் மேல்சுரங்களைச் சிறிதளவு சேர்ப்பது உண்மை. நல்ல நகல்கள் அதையும் கணக்கிடுகின்றன. கருவியை மிகையாகத் தூண்டினால் அது தெளிவாகவே கேட்கும். ஆனால் மாஸ்டரிங்கில் வழக்கமாக ஓடும் மட்டங்களில் அது மிக நுண்ணியது; பலர் கேட்டதாகச் சொல்லும் வித்தியாசத்தின் பெரும்பகுதி வேறிடத்திலிருந்து வருகிறது. பல பிளக்-இன்கள் இயக்கியதும் ஒலியைச் சற்றே உரக்கிவிடுகின்றன. உரத்த ஒலியில் அடித்தொனி நிறைவாகத் தெரியும் என்பதை ஃபிளெட்சரும் மன்சனும் 1933-லேயே காட்டிவிட்டார்கள். மட்டத்தைச் சமமாக்கிவிட்டு ஒப்பிட்டால் கதகதப்பில் பாதி காணாமல் போகும். மீதிப் பாதி மெய்யாக இருந்தால் பயன்படுத்தலாம். அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் திரிபைத் தவிர்க்க உழைத்தவர்களின் பெயரில் திரிபை விற்பது அவர்களுக்குச் செய்யும் நியாயம் அல்ல. நகலின் தரத்தை அளக்க உண்மையில் பார்க்க வேண்டியது வேறு. வினாடிக்கு 44,100 மாதிரிகள் எடுக்கும் முறையில் 22,050 ஹெர்ட்ஸோடு உலகம் முடிந்துவிடுகிறது. அசல் கருவியின் 16 கிலோஹெர்ட்ஸ் வளைவு அதைத் தாண்டியும் மெதுவாகச் சரிந்து போகும். கவனக்குறைவாக எழுதிய நிரலில் அது எல்லையில் நெருக்குண்டு ஒருபக்கமாகக் குறுகிவிடும். காற்றோட்டம் போன்ற மேல்தொனி மறைவது இங்கேதான். மாதிரிகளைப் பெருக்கி உள்ளே கணக்கிடுவதும், ஸோஃபோக்ளிஸ் ஓர்ஃபனிடிஸ் 1997-ல் காட்டிய வடிவமைப்பு முறையும் இதற்குத் தீர்வுகள்.

பள்ளமே இல்லாத காலத்தில் பள்ளம் கற்பித்த பழக்கம் எதற்கு என்ற கேள்வியும் நியாயமானது. பதில் பழக்கத்துக்குப் பழக்கம் மாறும். அடித்தொனியை நடுவில் வைப்பதும் ‘ஸ்’ ஒலியைக் கண்டு அஞ்சுவதும் ஊசிக்காக ஏற்பட்டவை; வினைல் வெளியீடு இல்லாவிட்டால் அவற்றைத் தளர்த்தலாம். அகலமான வளைவு காதுக்காக ஏற்பட்டது; அது எந்த ஊடகத்திலும் நிற்கும். இந்தப் பாகுபாடு நம் பழைய தமிழ் இசைத்தட்டுகளைக் கணினிக்கு மாற்றும்போது நடைமுறைக் கேள்வியாகவே எழுகிறது. தியாகராஜ பாகவதர், கே.பி. சுந்தராம்பாள் காலத்து 78 சுழற்சித் தட்டுகள் ஆர்.ஐ.ஏ.ஏ. வளைவுக்கு முந்தியவை. பிரிட்டிஷ் எச்.எம்.வி. மரபில் வெட்டிய பல 78 தட்டுகளில் உயர்ந்த ஒலிகள் கூட்டப்படவே இல்லை. அவற்றை இன்றைய சாதாரண ஃபோனோ ஆம்ப்ளிஃபையரில் ஓட்டினால், இல்லாத ஏற்றத்தை அது இறக்கும்; 10 கிலோஹெர்ட்ஸில் ஏறத்தாழ 14 டெசிபல் வீணாகக் குறைந்து, அடித்தொனியும் மிகுந்து, குரல் மங்கும். அந்த மங்கலைத்தான் பலர் பழைய பாட்டின் இயல்பென்று நினைத்துவிடுகிறார்கள். பிறகு ஒரு பல்டெக் நகலை வைத்து மேல்தொனியை ஏற்றிப் பொலிவாக்கினோம் என்று திருப்திப்படுவது, முதலில் செய்த பிழையை அரைகுறையாகத் திருத்துவதே ஆகும். எந்த வளைவும் போடாமல் தட்டை அப்படியே பதிவு செய்து ஒரு படி காப்பகத்துக்கு வைக்க வேண்டும். அடுத்து அந்தத் தட்டு வெட்டப்பட்ட காலத்தின் வளைவைக் கணினியில் துல்லியமாகத் தலைகீழாக்க வேண்டும். இதுவரை நடப்பது ஸோபலின் வேலை, ரசனைக்கு இடமில்லை. அதன்பின் பாகவதரின் குரலுக்கு 10 கிலோஹெர்ட்ஸில் சிறிது வெளிச்சம் வேண்டுமா, 100 ஹெர்ட்ஸில் சிறிது கனம் வேண்டுமா என்பது கேட்பவரின் முடிவு. பழைய ஈக்வலைசரின் நகலுக்கு உரிய இடம் அது. எந்த வளைவால் நிமிர்த்தினார், எந்தக் குமிழை எவ்வளவு திருப்பினார் என்பதைக் கோப்போடு எழுதி வைத்தால், தட்டு வெட்டப்பட்ட விதம் பற்றி இன்னும் நல்ல ஆதாரம் கிடைக்கும் நாளில் வேறொருவர் காப்பகப் படியிலிருந்து அந்த வேலையை மறுபடி தொடங்க முடியும்.